மோடம் இயலில் கூறியது கூறல்: ஒரு முன்னாய்வு

டயல்-அப் மோடம் வழக்கொழிந்துவிட்டதால் அதைப் பற்றி இனி அச்சமின்றி ஆராயலாம், மறுத்துரைக்க ஆளில்லை. நாம் எடுத்துக்கொள்ளும் வினா ஒன்றே: பிழைதிருத்தம், தரவுச்சுருக்கம் என்னும் இரண்டில் மூத்தது எது? பட்டிமன்ற நடுவராக இருந்தால் ‘இரண்டும் வேண்டும்’ என்று சொல்லிவிட்டுப் பொன்னாடையோடு கிளம்பிவிடலாம். ஆய்வாளனுக்கு அந்த வசதி இல்லை.

அளவுகோல் நம்மிடமே இருக்கிறது. பவணந்தி முனிவர் நன்னூலில் நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று வகுத்தார். தொலைபேசிக் கம்பியை மனத்தில் வைத்து அவர் வகுத்திருக்க வாய்ப்புக் குறைவு, ஆயினும் பொருந்துகிறது. இரைச்சல் புகுந்து திரை முழுக்க அலைக்கோடும் அடைப்புக்குறியுமாகக் கொட்டுவது வழூஉச்சொற் புணர்த்தல் அன்றி வேறென்ன?

மூன்றாம் குற்றமாகிய கூறியது கூறலில்தான் இரு கட்சியும் பிரிகின்றன. சுருக்குபவர் அதைக் கண்ட இடத்தில் வெட்டுவார். 1990-இல் வந்த வி.42பிஸ் என்னும் சுருக்கத் தரநிலை, லெம்பெல், ஸிவ் இருவரும் காட்டிய வழியில், வந்துபோன எழுத்துத்தொடர்களை இரு முனையிலும் அகராதியாகச் சேர்த்துவைத்து, அவை மறுபடி வரும்போது வரிசை எண்ணை மட்டும் அனுப்பும். நான்கில் ஒன்றாகக் குறையும் என்றார்கள்; 28,800 பிட் மோடத்துக்கும் கணினிக்கும் இடையே 115,200 என்று வேகம் வைத்தது இந்த நம்பிக்கையில்தான்.

திருத்துபவருக்கோ கூறியது கூறலே பிழைப்பு. 1988-இன் வி.42 என்னும் திருத்தத் தரநிலை தரவைச் சிறு சட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் வாலிலும் 16 பிட் சரிபார்ப்பு எண்ணைக் கட்டி அனுப்பும். மறுமுனையில் கணக்கு ஒத்துவராவிட்டால் அந்தச் சட்டத்தைத் திரும்ப அனுப்பச் சொல்வார்கள். அறிமுகமே அப்படித்தான்: அழைத்த மோடம் ‘உனக்குத் திருத்தத் தெரியுமா’ என்று குறிப்புக் காட்ட, எடுத்த மோடம் ‘ஈ’, ‘சி’ என்ற இரண்டெழுத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும்.

ஆக, சுருக்குபவர் சிக்கனக்காரர், திருத்துபவர் செலவாளி என்று முடித்துவிடலாமோ எனின், முடியாது. இங்கேதான் விஷயம் சுவைக்கிறது. சாதாரணமாக ஒவ்வோர் எட்டு பிட் எழுத்துக்கும் தொடக்க பிட், முடிவு பிட் என இரண்டு காவலர் உண்டு. 28,800 பிட் வேகத்தில் நொடிக்கு 2,880 எழுத்துதான் போகும். சட்டங்களாகக் கட்டும் திருத்துபவருக்கு இந்தக் காவலர் தேவையில்லை. அவர்களைக் கழித்தால் கணக்குப்படி 3,600. சட்டத்தின் உறைக்கூலி போனாலும், சுத்தமான கம்பியில் லாபமே. செலவாளி வீட்டில் மிச்சம்!

எதிர்க்கட்சியின் நிலை தலைகீழ். மைக்ரோகாம் நிறுவனத்தின் எம்என்பி 5, ஒரே எழுத்து மூன்று முறை அடுத்தடுத்து வந்தால், ‘மேலும் இத்தனை’ என்று ஓர் எண்ணைச் சேர்த்து அனுப்பும். சரியாக மூன்றே வந்தால்? ‘மேலும் பூஜ்யம்’ என்று அதற்கும் ஓர் எண். ஏற்கெனவே ஜிப் செய்த கோப்பைக் கொடுத்தால் சுருக்குவதற்குப் பதில் ஊதிப் பெரிதாக்கும். இதை மிகைபடக் கூறலில் அடக்குவதா, மற்றொன்று விரித்தலில் அடக்குவதா என்பதில் எனக்கே இருமனம். வி.42பிஸ் கொஞ்சம் விவரமானது: சுருங்காது என்று தெரிந்தால் உள்ளதை உள்ளபடி கடத்திவிடும்.

இனி மூத்தது எது? ஒரு பிட் புரண்டாலும் இரு முனை அகராதிகளும் வேறுவேறாகிவிடும். அதன்பின் வருவதெல்லாம் மயங்க வைத்தல். ஆகவே திருத்தம் இல்லாமல் சுருக்கம் நிற்காது. சுருக்கம் இல்லாமல் திருத்தம் நன்றாகவே நிற்கும். எம்என்பியிலும் நான்காம் வகுப்பு வரை திருத்தம், ஐந்தில்தான் சுருக்கம். நான்கு தேறாதவருக்கு ஐந்தில் இடமில்லை. வி.42 முதல்நூல், வி.42பிஸ் வழிநூல் என்க.

‘அவ்வளவு மூத்தவரை விளையாட்டுக்காரர்கள் ஏன் அணைத்துவைத்தார்கள்?’ என்பார்க்கு விடை: இணையத்தில் ஒருவரையொருவர் சுட்டு விளையாடுவோருக்கு எதிராளி இப்போது எங்கே நிற்கிறான் என்பதே வேண்டும். கெட்டுப்போன சட்டத்தைத் திரும்பக் கேட்டு வாங்கும்வரை பின்னால் வந்தவையும் காத்துக்கிடக்கும். பிழையில்லாமல், ஆனால் தாமதமாக வரும் பழைய இருப்பிடம் நின்று பயனின்மை. அதனால் திருத்தத்தை அணைத்தார்கள். வழிநூலும் கூடவே அணைந்தது.