புறப்பாட்டில் இருக்கும் ஆசிரியர்

காஞ்சிபுரத்தின் தென்கோடியில், உத்திரமேரூர்ச் சாலை பாலாற்றை எட்டுவதற்குச் சற்று முன்னதாக அமைந்துள்ள ஓரிக்கையில், பட்டுத் தறிகளும் அரசுப் பேருந்துப் பணிமனையும் காஞ்சி மகாசுவாமிகளின் கல் மணிமண்டபமும் எவ்வளவு நிலையாக இருக்கின்றனவோ அவ்வளவு நிலையாக இருந்துவருபவர், வெளிநாட்டுக்குப் புறப்படவிருக்கும் தொடக்கப்பள்ளி ஆசிரியர். வெளிநாட்டுக்குப் போய்விட்ட ஆசிரியர் வேறு வகையினர். அவர் ஊரில் இல்லாத காரணத்தால் இந்தச் சித்திரத்தின் எல்லைக்குள் வரமாட்டார். இங்கே பேசப்படுபவர் பகலில் ஒரு தனியார் நர்சரி பள்ளியில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் சொல்லிக்கொடுத்து, மாலையில் வீட்டு டியூஷன் முடித்து, இரவில் மஸ்கட்டுக்கோ துபாய்க்கோ விண்ணப்பம் நிரப்பி, மறுநாள் காலை எட்டரை மணிக்கு அதே நர்சரி பள்ளியின் வாசலில் நிற்பவர்.

இவ்வகையினருக்கு ஓரிக்கை வாய்த்ததில் தலபுராணப் பொருத்தமும் உண்டு. தன்னைப் பாட மறுத்த கணிகண்ணனைப் பல்லவ மன்னன் நாடுகடத்த, அவருடைய குருவான திருமழிசையாழ்வாரும் உடன் கிளம்ப, ஆழ்வாரே போனபின் தாம் மட்டும் இங்கே கிடப்பானேன் என்று திருவெஃகாவின் யதோக்தகாரிப் பெருமாளும் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு பின்தொடர்ந்தார் என்றும், மூவரும் ஓரிரவு தங்கிய இடம் ஓரிக்கை என்றும், மன்னன் வந்து மன்றாடியதும் மூவருமே திரும்பினர் என்றும் வைணவ மரபு கூறுகிறது. படுக்கையைச் சுருட்டிய பிறகும் ஓரிக்கையைத் தாண்ட முடியாமற்போவது இவ்வூரில் கடவுளுக்கே நேர்ந்திருக்கையில், ஓர் ஆசிரியருக்கு நேர்வதைக் குறையாகச் சொல்வதற்கில்லை. வேறுபாடு ஒன்றே: அங்கே தடுத்து நிறுத்த மன்னன் வந்தான், இங்கே தடுக்க எவரும் வருவதில்லை, விசாவும் வருவதில்லை.

இவர் ஏன் புறப்பட நினைத்தார் என்பதற்கான விடை காஞ்சிபுரத்தில் இல்லை, சென்னையில் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டுகள் படித்துப் பெறும் தொடக்கக் கல்விப் பட்டயம் முன்பு வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பின் துணையோடு அரசுப் பள்ளிக்குக் கொண்டு சேர்க்கும் என்ற நம்பிக்கையை அளித்துவந்தது. பிறகு ஆசிரியர் தகுதித் தேர்வு வந்தது. 2012 ஜூலையில் ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்திய முதல் தேர்வில் 150 வினாக்களுக்கு 90 நிமிடங்கள், அதாவது வினா ஒன்றுக்கு 36 நொடிகள் தரப்பட்டன; தேறியவர் மிகச் சொற்பமாக இருக்கவே, அதே ஆண்டு அக்டோபரில் மூன்று மணிநேரம் கொடுத்து மறுபடி நடத்தினார்கள். தேறியவர்களும் பணி நியமனத்துக்கு இன்னொரு போட்டித் தேர்வை எழுத வேண்டும் என்று 2018இல் அரசாணை வெளியாயிற்று. ஏழாண்டுகளில் காலாவதியாகிவந்த தகுதிச் சான்றிதழ் 2021இல் வாழ்நாள் முழுவதும் செல்லுபடியாகும்படி மாற்றப்பட்டது. நியமனம் எப்போது வரும் என்பதை மனத்திற்கொண்டு செய்த ஏற்பாடு என்றே ஓரிக்கையில் இதனைப் புரிந்துகொண்டார்கள்.

ஆனால் கடல் கடந்தால் தகுதிச் சிக்கல் தீர்ந்துவிடும் என்று எண்ணியவருக்கு அங்கே அது தலைகீழாகக் காத்திருக்கிறது. ஐந்தாம் வகுப்பு வரை கற்பிக்க பி.எட். பட்டம் தகுதியாகாது, தொடக்கக் கல்விப் பட்டயமே தகுதி என்ற நிலையை உச்சநீதிமன்றம் 2023 ஆகஸ்டில் உறுதிசெய்தது. வளைகுடாவில் இந்தியப் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் பள்ளிகளோ பொதுவாக ஒரு பட்டப்படிப்பையும் அதன் மேல் பி.எட்.டையும் கேட்கின்றன. ஆகவே இவர் உள்ளூருக்காகப் பட்டயமும் வெளியூருக்காக அஞ்சல்வழிப் பட்டமும் பி.எட்.டும் படித்து, இரண்டு இடங்களுக்கும் தகுதி பெற்று, இரண்டு இடங்களிலும் வேலையின்றி இருக்கும் அரிய நிலையை அடைகிறார். இங்கிலாந்து 2023 பிப்ரவரியில் இந்திய ஆசிரியர்களுக்கும் ஒரு வழியைத் திறந்தது. ‘தகுதிபெற்ற ஆசிரியர் நிலை’ எனப்படும் அந்நாட்டு அங்கீகாரத்துக்கு இந்தியாவில் பயின்றவரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் 11 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்குக் கணிதம், அறிவியல், மொழி ஆகியவற்றில் ஒன்றைக் கற்பிக்கும் தகுதி வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் இவர் அந்த வழியில் நுழைய வேண்டுமானால் பிள்ளைகள் ஆறாண்டு வளரும்வரை காத்திருக்க வேண்டும். அவரும் காத்திருக்கச் சித்தமாகவே இருக்கிறார்.

இவரை அடையாளம் காண எளிய வழி கோப்பு. பல உறைகள் கொண்ட அந்தப் பிளாஸ்டிக் கோப்பில் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் தொடங்கி நன்னடத்தைச் சான்று வரை யாவும் அசலும் நகலுமாக அடுக்கப்பட்டிருக்கும். தீப்பிடித்தால் வீட்டிலிருந்து முதலில் வெளியேற வேண்டிய பொருள் எது என்பதில் அக்குடும்பத்தில் கருத்து வேறுபாடு கிடையாது. கோப்பு வளர வளர, ஆசிரியர் சர்வதேச உடன்படிக்கைகளில் வல்லுநராகிறார். சான்றிதழ் மெய்யானது என்று அயல்நாடு ஏற்கும்படி வெளியுறவு அமைச்சகம் இடும் ஒற்றை முத்திரை ‘அப்போஸ்டில்’ எனப்படும். அதற்கான ஹேக் உடன்படிக்கை இந்தியாவில் 2005இல் நடைமுறைக்கு வந்தது. ஓமன் அதில் சேர்ந்த நாடு என்பதால் அந்த முத்திரை போதும். ஐக்கிய அரபு அமீரகம் சேராத நாடு என்பதால் மாநில அரசு, அமைச்சகம், தூதரகம் என்று படிப்படியாகச் சான்றொப்பம் வாங்க வேண்டும். பக்கத்துத் தெருவின் பெயரைக் கேட்டால் தயங்கும் இவர், எந்த நாடு ஹேக்கில் கையெழுத்திட்டது, எது இடவில்லை என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். உலகத்தார் அனைவரின் கணக்கையும் அசலாக வைத்திருக்கும் சித்திரகுப்தருக்கென்று தனிக்கோயில் அமைந்த ஊர் காஞ்சிபுரம் என்பதையும், இவ்வகையினர் அச்சந்நிதியில் சற்றுக் கூடுதல் நேரம் நிற்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். சான்றொப்பம் கேட்காத பதிவேடு அது ஒன்றுதான். வசதியுள்ளவர் ஹைதராபாத்தை அடுத்த சில்குர் பாலாஜியையும் நாடுவதுண்டு. வேண்டும்போது 11 சுற்று, கைகூடினால் 108 சுற்று என்பது அங்குள்ள வழக்கம். ஓரிக்கை ஆசிரியரின் 11 சுற்றுகள் பலமுறை நிறைவேறிவிட்டன.

முகவர் என்பவர் இச்சித்திரத்தின் துணைப்பாத்திரம். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். வாங்கக்கூடிய சேவைக் கட்டணமும் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியுமே. 1978இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் இருக்கிறது. இவையனைத்தும் ஆசிரியருக்குத் தெரியும். இருந்தும் உறவினர் ஒருவர் “நமக்குத் தெரிஞ்சவருதான்” என்று சொல்லிவிட்டால் சட்ட அறிவு முழுவதும் மறந்துபோகும். பதிவில்லாத முகவரின் கணக்கில் சேவைக் கட்டணம் எப்போதும் சட்டப்படிதான் இருக்கும். மீதித் தொகை ‘ப்ராசஸிங்’ என்ற தலைப்பில் நிற்கும். அச்சொல்லின் பொருளை எவரும் விசாரித்ததில்லை.

இணையவழி மாதிரி வகுப்பு, அதாவது அயல்நாட்டுப் பள்ளி கேட்கும் ‘டெமோ’, இவ்வாழ்க்கையின் உச்சகட்டம். இல்லாத மாணவர்களை நோக்கி இருபது நிமிடம் பாடம் நடத்த வேண்டும் என்பதால், பாட்டியும் எதிர்வீட்டுச் சிறுவனும் கேமராவுக்கு வெளியே அமர்த்தப்படுவார்கள். ‘குட் மார்னிங்’ சொல்வதில் பாட்டி சிறுவனை விஞ்சுவார். தறி ஓடும் வீடுகளில் தொல்லை கூடுதல். “கொஞ்ச நேரம் நிறுத்துங்கப்பா, இன்டர்வியூ” என்று மகள் கேட்க, கோர்வை போட்டுக்கொண்டிருந்த தந்தை, அதாவது உடலையும் கரையையும் வெவ்வேறு ஊடையால் நெய்து இணைத்துக்கொண்டிருந்தவர், தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டபடி இருபது நிமிடம் சும்மா இருப்பார். பக்கத்து வீட்டுத் தறிக்கு இந்த ஏற்பாடு தெரியாதாகையால் சத்தம் தொடரும். பின்னணியில் கேட்பது என்ன என்று அங்கிருந்து கேட்டால், செயல்வழிக் கற்றல் என்று விடை சொல்லும் சமயோசிதம் இவ்வகையினரிடம் உண்டு. இவரிடமுள்ள மெய்யான திறமையோ விண்ணப்பத்தின் எந்தக் கட்டத்திலும் இடம்பெறுவதில்லை. முதல்நாள் அழுதுகொண்டு வரும் நாற்பது பிள்ளைகளைப் பத்தே நாளில் சிரித்துக்கொண்டு வரவைப்பதும், யாருடைய பென்சில் யாருடைய பையில் இருக்கிறது என்பதைப் பார்க்காமலே சொல்வதும், பேசாத பிள்ளையை ஒரு சொல் பேசவைப்பதும் எந்த நாட்டுப் படிவத்திலும் தகுதியாகக் கேட்கப்படவில்லை. கேட்கப்படுவது ஐ.இ.எல்.டி.எஸ். என்னும் ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண். அதன் ஆயுள் இரண்டாண்டு. வாழ்நாள் தகுதியும் ஈராண்டு ஆங்கிலமும் கொண்டவராக இவர் வாழ்கிறார்.

இவருக்கு முன்னோர் இல்லாமலில்லை. மலாயாவின் தோட்டப் பள்ளிகளில் தொடக்கத்தில் பெரும்பாலும் கங்காணிகளும், கிராணிகள் எனப்பட்ட எழுத்தர்களுமே வாத்தியாராக இருந்தனர். பேரரசர் ஹைலே செலாசி காலத்து எத்தியோப்பியாவுக்குக் கேரளத்திலிருந்து ஆசிரியர்கள் திரளாகச் சென்றனர். எண்ணெய்ப் பணம் பெருகிய நைஜீரியா 1976இல் எல்லாப் பிள்ளைகளுக்கும் தொடக்கக்கல்வி என்று அறிவித்த காலத்திலும் இந்திய ஆசிரியர்கள் போனார்கள். அவர்களிடம் ‘டெமோ’ கேட்கப்படவில்லை என்பதை இவர் பெருமூச்சுடன் நினைவுகூர்வார்.

புறப்பாட்டில் இருப்பதால் வரும் சலுகைகளைக் கணக்கிட்டால், போகாமலிருப்பதே லாபம் என்று சிலர் வாதிடக்கூடும். சீட்டுப் பிடிக்க யாரும் வற்புறுத்துவதில்லை; கல்யாணத் தரகர் இவருடைய ஜாதகத்தைத் தனியாக எடுத்துவைப்பார்; புதுக் குளிர்பெட்டி வாங்கும் பேச்சு, “அதான் போகப்போறாங்களே” என்ற ஒரே வாக்கியத்தில் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போகும். “எப்பம்மா கிளம்புற?” என்று கேட்பவருக்கு “வெரிஃபிகேஷன்ல இருக்குங்க அத்தை” என்பது விடை, அத்தையும் அது ஏதோ ஓர் ஊர் என்று எண்ணித் திருப்தியடைவார். உண்மையில் போகிறவர்களோ கண்ணேறுக்கு அஞ்சி ஒருவரிடமும் சொல்லாமல் நள்ளிரவு விமானத்தில் போய்விடுகிறார்கள். பள்ளிக்குக்கூட மறுநாள்தான் செய்தி வரும்.

அப்பள்ளியின் தாளாளர் மட்டும் இவ்விஷயத்தில் தெளிவானவர். ஏப்ரலில் சேர்க்கை தொடங்கியதும் பெற்றோரிடம் இவரைக் காட்டி, “நம்ம மிஸ்ஸை துபாய்ல கூப்பிட்டிருக்காங்க, அவ்ளோ நல்லா சொல்லிக்குடுப்பாங்க” என்பார்; சேர்க்கை முடிந்ததும் ஊதிய உயர்வு பற்றிய பேச்சு எழுந்தால், “நீங்கதான் போகப்போறீங்களேம்மா” என்று அதே துபாயைக் காட்டி முடித்துவிடுவார்.