எட்டில் ஒரு தாயம்

ஐம்பத்திரண்டு வயதில் அஞ்சல் வழியில் எம்.எஸ்சி. கணிதம் சேர்ந்தேன். பாடப்புத்தகப் பார்சல் வந்த அன்று, புதுக் குக்கர்தான் வந்துவிட்டது என்று கத்தரிக்கோலோடு ஓடிவந்தாள் மனைவி. உள்ளே நிகழ்தகவுக் கோட்பாடு. "ரிட்டர்ன் எடுத்துப்பாங்களா?" என்றாள்.

முதல் பாடத்திலேயே எனக்கு ஒரு பிடி கிடைத்தது. 1654-இல், பாதியில் நின்றுபோன சூதாட்டத்தின் பணயத்தை எப்படிப் பங்கு போடுவது என்று பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதம் எழுதிக்கொண்டார்களாம். அதில் வளர்ந்த சாஸ்திரம் இது. "பார்த்தியா, இந்த சப்ஜெக்டே அஞ்சல் வழியில வந்ததுதான்!" என்றேன்.

"சூதாட்டம்தானே? எங்க சித்தப்பா லெட்டர் போடாமலே படிச்சார்."

ஞாயிற்றுக்கிழமை தொடர்பு வகுப்புக்கு 12 பேர் வந்திருந்தோம். 23 பேர் கூடினால், அவர்களில் இருவருக்காவது ஒரே பிறந்த நாள் இருக்க 50 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு என்றார் பேராசிரியர். "நாம 12 பேர்தான். 17 சதவீதம்தான் வரும். பார்க்கலாமா?" என்று தேதி கேட்டார். என்னையும் சேர்த்து நாலு பேர் ஜூன் 1 என்றோம். அவர் முகம் போன போக்கைப் பார்த்து உண்மையை ஒப்புக்கொண்டேன்: அது அம்மா பெற்ற நாள் அல்ல, ஒன்றாம் வகுப்பில் சேர்க்க ஹெட்மாஸ்டர் போட்ட நாள். 365 நாளுக்கும் சம வாய்ப்பு என்ற அனுமானம் அவர் பேனாவைத் தாண்டி வரவில்லை.

வகுப்பில் போன மானத்தை வீட்டில் மீட்கப் பார்த்தேன். கூடத்தில் மாமியாரும் மனைவியும் தாயம் ஆடிக்கொண்டிருந்தார்கள். நானும் உட்கார்ந்தேன்.

"அத்தை, ஒரு கட்டைக்கு நாலு பக்கம். வெறும் பக்கம், ஒண்ணு, ரெண்டு, மூணு. ரெண்டு கட்டைக்கு 16 விதம். அதுல ஒரு கட்டை ஒண்ணும் இன்னொண்ணு வெறுமையுமா விழுறது 2 விதம். ஆக, எட்டுல ஒண்ணு. எட்டு உருட்டுக்குள்ள எனக்குத் தாயம் விழுந்தாகணும்."

"உருட்டுங்க மாப்பிள்ளை."

உருட்டினேன். மூணு, ரெண்டு, நாலு, மூணு... என் முறை எட்டுத் தடவை வந்து போயிற்று. ஒரு காய்கூட இறங்கவில்லை. அதற்குள் அத்தைக்கு இரண்டு காய் பழமாகிவிட்டது. ராத்திரி புத்தகத்தைப் புரட்டினால், எட்டு முறை உருட்டியும் தாயம் விழாமல் போக 34 சதவீத வாய்ப்பு இருக்கிறது! ஏழில் எட்டை எட்டு முறை பெருக்க வேண்டுமா, எட்டில் ஏழையா என்று தடுமாறிக் கண்டுபிடிப்பதற்குள் மணி பன்னிரண்டு.

அந்த நிகழ்தகவுத் தாளில் இதுவரை மூன்று முறை அரியர்.

"எட்டுல ஒண்ணுன்னா, இன்னும் அஞ்சு தடவை எழுதினா பாஸாயிடுவீங்களா?" என்றாள் மனைவி.

"அப்படிக் கணக்குப் போடக் கூடாது. ஒவ்வொரு உருட்டும் தனி. முன்னாடி என்ன விழுந்ததுன்னு கட்டைக்கு ஞாபகமே இருக்காது."

அவள் பரீட்சைக் கட்டண ரசீதை என் கையில் கொடுத்தாள். "அதைத்தான் நானும் சொல்றேன். போன தடவை படிச்சது கட்டைக்கு ஞாபகமே இல்லை."