உள்ளூர் ஆட்டம் எந்த ஊரில்?

பெறுநர்:
உள்நாட்டுப் போட்டிகளுக்கு அட்டவணை போடுபவர்கள்,
இந்திய கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம்,
மும்பை.

அனுப்புநர்:
தமிழ்நாடு ரஞ்சி அணியின் ரசிகன்,
ஜெராக்ஸ் கடை, கொடுங்கையூர்,
சென்னை – 118.

பொருள்: ரஞ்சிக் கோப்பையை ரசிகர்கள் கண்ணில் படாமல் காப்பாற்றி வருவதற்கு நன்றி தெரிவித்தல் தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் பகுதி ரஞ்சி ரசிகர்கள் அனைவரின் சார்பிலும் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். அனைவரும் என்றால் நானும், எம்.ஆர். நகரில் குடியிருக்கும், துறைமுகத்தில் வேலை பார்த்து ரிட்டயர்டான ஒரு பெரியவரும். அவரை நான் சார் என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். தமிழ்நாடு தோற்றால் மறுநாள் இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. அதனால் வருடத்தில் பல நாள் கடை அமைதியாக இருக்கும்.

ஆதார் நகல் எடுக்க வரும் பையன்கள் மெஷின் மேல் சாய்த்து வைத்திருக்கும் என் போனை எட்டிப் பார்ப்பார்கள். “இன்னாண்ணா, சிஎஸ்கேவா?”

“இல்லப்பா, தமிழ்நாடு.”

“தமிழ்நாடுன்னு புதுசா ஒரு டீம் ஐபிஎல்ல வந்துட்ச்சா?”

தொண்ணூறு வருடமாக இருக்கிற அணி இது. இதைப் புதுசு என்று ஒரு தலைமுறையே நம்பும்படி செய்வது லேசுப்பட்ட காரியமில்லை. அதற்காகவும் சேர்த்துத்தான் நன்றி.

இந்தப் போட்டி பிறந்ததே எங்கள் ஊரில்தான் என்பதைத் தங்கள் கோப்புகள் சொல்லும். 1934 நவம்பர் 4, சேப்பாக்கம், மெட்ராஸுக்கும் மைசூருக்கும் ஆட்டம். எம்.ஜே. கோபாலன் முதல் பந்தைப் போட்டார். ஏ.ஜி. ராம்சிங் 35 ரன் கொடுத்து 11 விக்கெட் எடுத்தார். சாயங்காலத்துக்குள் மைசூரை இரண்டு முறை சுருட்டி, இன்னிங்ஸ் வித்தியாசத்தில் ஜெயித்து, எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஒரே நாள்! நான்கு நாள் ஆட்டத்தை இவர்களை நம்பிக் கொடுக்கக் கூடாது என்று அன்றைக்கே யாரோ குறித்து வைத்திருக்க வேண்டும். 2024-25 அட்டவணையைப் பார்த்தபோது எனக்கு அந்தச் சந்தேகம் வந்தது.

அந்தப் பருவத்தில் எங்கள் அணிக்கு லீக்கில் ஏழு ஆட்டம். உள்ளூர் ஆட்டங்கள் என்று மூன்று. சௌராஷ்டிராவோடு கோவையில், சத்தீஸ்கரோடு கோவையில், சண்டிகரோடு சேலத்தில். சென்னையில் ஒன்றுகூட இல்லை. என் கடையிலிருந்து சேப்பாக்கம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். வியாசர்பாடியில் சிக்காமல் இருந்தால் பாரிமுனைக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று, அவ்வளவுதான். கோவை ஐந்நூறு கிலோமீட்டர். என் ‘உள்ளூர்’ மைதானத்துக்குப் போக நான் சென்ட்ரலில் ரயில் பிடித்து, படுத்துத் தூங்கி, காலையில் எழுந்து பல் தேய்க்க வேண்டும்.

கோவைக்காரர்களுக்கும் சேலத்துக்காரர்களுக்கும் ஆட்டம் கிடைப்பதில் எனக்குப் பொறாமை கிடையாது. கொஞ்சம் உண்டு. ஆனாலும் அது நியாயம்தான். நடராஜனைக் கொடுத்த சேலம் மாவட்டம் ஒரு ரஞ்சி ஆட்டத்தைப் பார்க்கக் கூடாதா? மைதானத்தைத் தேர்ந்தெடுப்பது மாநிலச் சங்கம், தேதி குறிப்பது வாரியம் என்று தாங்கள் சொல்லக்கூடும். அதனால் சங்கத்துக்கும் ஒரு நகல் அனுப்புகிறேன். நகல் எடுப்பதில் எனக்குச் செலவு இல்லை.

2025 ஜனவரி 25, சனிக்கிழமை. அன்று சேப்பாக்கத்தில் இந்தியாவும் இங்கிலாந்தும் டி20 ஆடின. திலக் வர்மா 72 ரன் எடுத்துக் கடைசி வரை நின்று ஜெயித்துக் கொடுத்தார். எங்கள் தெருவில் வெடி வெடித்தார்கள். அதே சனிக்கிழமை சேலத்தில் சண்டிகரோடு எங்கள் ஆட்டத்தின் மூன்றாம் நாள். இரண்டாம் இன்னிங்ஸில் விஜய் சங்கர் ஆட்டமிழக்காமல் 150 அடித்தார், 209 ரன்னில் வென்றோம். அதற்கு நானும் சாரும் ஆளுக்கொரு டீ குடித்தோம்.

பருவத்தை இரண்டாக வெட்டியதற்கும் நன்றி சொல்ல வேண்டும். நவம்பர் நடுவில் அகமதாபாத்தில் ரயில்வே அணியை வென்றோம். (அது ரயில்வேயின் உள்ளூர் ஆட்டமாம். ரயில்வேக்கு எந்த ஊர்தான் சொந்த ஊர் இல்லை?) அதன்பின் ஜனவரி 23 வரை ரஞ்சியே கிடையாது. நடுவில் சையத் முஷ்டாக் அலி கோப்பை, விஜய் ஹசாரே கோப்பை எல்லாம் வந்து போயின. புள்ளிப் பட்டியலில் எங்கே நிற்கிறோம் என்பதே எங்களுக்கு மறந்துவிட்டது. இது பரவாயில்லை. 2022-ல் லீக் ஆட்டங்களை முடித்துவிட்டு, ஒரு முழு ஐபிஎல்லை நடத்தி, ஜூன் மாத வெயிலில் நாக்-அவுட் வைத்தீர்கள். ரசிகனின் பொறுமையை இவ்வளவு நம்பும் அமைப்பு உலகத்தில் வேறு இருக்காது.

வாஷிங்டன் சுந்தர் விஷயத்துக்கு வருகிறேன். அதே 2024-25 பருவத்தில் டெல்லியில் நடந்த ரஞ்சி ஆட்டத்தில் சாய் சுதர்சன் 213, சுந்தர் 152. பல வருடம் கழித்து ஒரு ஸ்கோர்கார்டைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது அன்றுதான். அந்த ஆட்டம் முடிவதற்குள்ளேயே இந்திய அணிக்கு வா என்று சுந்தரைக் கூப்பிட்டுவிட்டீர்கள். பந்தியில் பாதிச் சாப்பாட்டில் இலையை உருவிய மாதிரி. அவர் நேரே புனேக்குப் போய் நியூசிலாந்தின் முதல் இன்னிங்ஸில் 59 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்தார். பெருமைதான், மறுக்கவில்லை. அதே வாரம் கோவையில் சத்தீஸ்கர் முதல் இன்னிங்ஸ் லீடு வாங்கிக்கொண்டு போனது. இரண்டு ஸ்கோரையும் ஒரே போனில் மாற்றி மாற்றிப் பார்த்தவன் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று வாரியத்தின் விதிப்புத்தகத்தில் ஏதாவது இருந்தால் தெரிவிக்கவும்.

ஒளிபரப்பு பற்றியும் ஒரு வார்த்தை. எல்லா ஆட்டமும் திரையில் வருவதில்லை, பெரும்பாலும் எங்களுக்கு எண்கள்தான். ஒரு காலத்தில் சென்னை வானொலியில் அப்துல் ஜப்பார் தமிழில் வர்ணனை சொல்வார். பந்து எங்கே விழுந்தது, யார் எடுக்க ஓடினார் என்பது காதாலேயே தெரியும். இப்போது ‘0 1 0 0 W’ என்று வருகிறது. அந்த ‘டபிள்யூ’ கேட்ச்சா, ஸ்டம்ப்பா, நடுவர் கைங்கரியமா என்று தெரிந்துகொள்ள மறுநாள் பேப்பர் வரை காத்திருக்க வேண்டும். 2025 ஜனவரி 30-ஆம் தேதி டெல்லியில் விராட் கோலி ரஞ்சி ஆட வந்தபோது நேரலை வந்தது, ஆயிரக்கணக்கில் கூட்டம் வந்தது. மறுநாள் அவர் 6 ரன்னில் போல்டானதும் வந்த கூட்டம் எழுந்து போனது. அதே நாட்களில் ஜாம்ஷெட்பூரில் ஜார்க்கண்டிடம் நாங்கள் 44 ரன்னில் தோற்றோம். பிறகு கால் இறுதியில் நாக்பூரில் விதர்பாவிடம் 198 ரன்னில். அந்த வருடக் கோப்பையையும் விதர்பாதான் எடுத்தது என்பதால் சாருக்குக் கொஞ்சம் ஆறுதல்.

சேப்பாக்கத்தில் ஆட்டம் வைத்தால் என்ன ஆகும் என்று தாங்கள் கேட்கலாம். 2024 பிப்ரவரியில் ஒன்று வைத்தீர்கள், கர்நாடகாவோடு. கடைசி நாள் திங்கட்கிழமை. நான் கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். நான்காவது இன்னிங்ஸில் எங்களுக்கு 355 வேண்டும். திறந்துவிட்டிருந்த கேலரியில் எங்களை எண்ணிவிடலாம். பேங்கில் ரிட்டயர்டான மாமாக்கள், ப்ளாஸ்க்கில் காபி, காலேஜுக்கு மட்டம் போட்ட பையன்கள், ஒரு போலீஸ்காரர். டெஸ்ட்டோ ஐபிஎல்லோ நடக்கும்போது அங்கே பக்கத்து சீட்டுக்காரர் பேசுவதே கேட்காது. அன்று கர்நாடக விக்கெட் கீப்பர் கன்னடத்தில் திட்டியது தெளிவாகக் கேட்டது. எனக்குக் கன்னடம் தெரியாது, ஆனால் புரிந்தது. பாபா இந்திரஜித் 98-ல் நின்றபோது மாமாக்கள் காபி குடிப்பதை நிறுத்தினார்கள். அவர் அதிலேயே அவுட்டானபோது ஒருவர், “நான் அப்பவே நெனச்சேன்” என்றார். இந்த மாதிரி நினைப்பதற்கென்றே ரஞ்சிக்கு வருகிறவர்கள் உண்டு. வெயில் சாய்ந்து ஆட்டம் முடிந்தபோது நாங்கள் 8 விக்கெட்டுக்கு 338. இன்னும் 17 ரன், கையில் 2 விக்கெட், டிரா. முதல் இன்னிங்ஸ் லீடுக்காக மூன்று புள்ளி கர்நாடகாவுக்கு, ஒன்று எங்களுக்கு. நான்கு நாள் உழைத்து ஒருவரும் ஜெயிக்காமல், ஒருவரும் எழுந்து போகாமல் முடிந்த அதை விட நல்ல கிரிக்கெட்டை நான் பார்த்ததில்லை. ஒரு கணக்குக்காவது அந்தக் கேலரியைத் தாங்கள் எட்டிப் பார்த்திருக்கலாம்.

தோல்வி எங்களுக்குப் புதிதல்ல. தொண்ணூறு வருடத்தில் கோப்பை இரண்டே முறை: 1954-55-ல் பாலு அளகண்ணன் தலைமையில், 1987-88-ல் எஸ். வாசுதேவன் தலைமையில். இறுதிக்குப் போய்த் தோற்றது பத்து முறை. 1973-ல் சேப்பாக்கத்தில் பம்பாயோடு நடந்த இறுதியில், பத்மாகர் ஷிவால்கர் எங்களை 80-க்கும் 61-க்கும் சுருட்டினார். மூன்றாம் நாள் முதல் பந்தோடு ஆட்டம் தீர்ந்தது. சார் அன்று பள்ளிக்கூடத்துக்குக் கட் அடித்து, டிபன் டப்பாவோடு போய், ஒரே ஒரு பந்து பார்த்துவிட்டு வந்தார். அந்த ஒரு பந்தைப் பற்றி இன்றைக்கும் அரைமணி நேரம் பேசுவார்.

இங்கிலாந்தில் இப்படிப்பட்டவர்களுக்கு மரியாதை இருக்கிறது. பதினெட்டு கவுண்டிகள், ஆளுக்குப் பதினான்கு ஆட்டம், அதில் பாதி சொந்த மண்ணில். சாமர்செட் அணி இதுவரை ஒருமுறைகூடக் கவுண்டி சாம்பியன் ஆனதில்லை, அதன் ரசிகர்கள் வருடந்தோறும் வந்து உட்காருகிறார்கள். சசெக்ஸ் முதல் பட்டத்தை 2003-ல்தான் வாங்கியது. 2022-ல் ஆண்ட்ரூ ஸ்ட்ராஸ் குழு பதினான்கு ஆட்டத்தைப் பத்தாகக் குறைக்கச் சொன்னபோது, கவுண்டிகளும் உறுப்பினர்களும் எதிர்த்து நின்றார்கள், குறைக்க முடியவில்லை. அங்கே ரசிகனுக்கு ஓட்டு இருக்கிறது. இங்கே எனக்குக் கார்ப்பரேஷன் எலெக்‌ஷனில்தான் ஓட்டு. எங்கள் வெங்கட்ராகவன் டெர்பிஷயருக்கு ஆடினார், அஸ்வின் நாட்டிங்ஹாம்ஷயருக்கு, சாய் சுதர்சன் சர்ரேக்கு. அவர்கள் அங்கே ஆடியதை நேரில் பார்த்த இங்கிலீஷ் தாத்தாக்கள், தமிழ்நாட்டுக்காக ஆடியதை நேரில் பார்த்த கொடுங்கையூர்க்காரர்களை விட அதிகம் இருப்பார்கள் என்பது என் கணிப்பு.

சேப்பாக்கத்தைக் கொடுக்க மனம் வரவில்லை என்றால், ஒரு யோசனை. எங்கள் ஊர்க் குப்பைக்கிடங்கு முந்நூறு ஏக்கருக்கு மேல். பல பத்தாண்டு நகரத்துக் குப்பையை மலையாகக் குவித்துவிட்டு, இப்போது பயோமைனிங் என்று பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். மீட்ட நிலத்தில் ஒரு மைதானம் போடுங்கள். 2016 நவம்பரில் புகைமூட்டம் என்று டெல்லியில் இரண்டு ரஞ்சி ஆட்டங்களை ஒரு பந்துகூடப் போடாமல் கைவிட்டீர்கள். 2017-ல் இலங்கை வீரர்கள் அங்கே முகமூடி போட்டுக்கொண்டு டெஸ்ட் ஆடினார்கள். எங்கள் பையன்கள் குப்பை எரிகிற புகையில், ரப்பர் பந்தில், வருடம் முழுக்க ஆடுகிறார்கள். ஒரு நடுவரும் வந்து மூச்சு விட முடிகிறதா என்று கேட்டதில்லை. இங்கே டாஸ் தோற்றாலும் எங்களுக்கு அனுகூலம்தான், வெளியூர் ஓப்பனர்கள் கண்ணைக் கசக்கி முடிப்பதற்குள் மூன்று விக்கெட் போயிருக்கும். டிக்கெட் வேண்டாம், குடிக்கத் தண்ணீர் மட்டும் வையுங்கள்.

இது வேடிக்கைக்குச் சொன்னது. வேடிக்கை இல்லாமல் கேட்பது ஒன்றுதான். ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு ரஞ்சி ஆட்டத்தைச் சென்னையில் வையுங்கள். அதன் நாள்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரும்படி பாருங்கள். எந்த நுழைவாயில் திறக்கும் என்பதை ஒரு வாரம் முன்பே தமிழில் பேப்பரில் போடுங்கள். நூறு நகல் எடுத்து மூலக்கடை முதல் கண்ணதாசன் நகர் வரை ஒட்டுவது என் செலவு.

இப்படிக்கு,
தங்கள் கணக்கில் வராத பார்வையாளன்.

நகல்: மாநிலச் சங்கம், எம்.ஆர். நகர் சார்.