வரி பாக்கி வீடு வாங்கலாமா?

கேள்வி: அமெரிக்காவில் ‘டாக்ஸ் டீடு’ ஏலத்தில் வீடுகள் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கின்றனவாமே?

பதில்: சில சமயம் கிடைக்கும். ஆனால் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்க விடமாட்டார்கள்! உதாரணமாக ஃப்ளோரிடாவில், சொத்து வரி கட்டாதவரின் பாக்கியைக் கவுண்ட்டி (நம்மூர் மாவட்ட நிர்வாகம் மாதிரி) சான்றிதழாக முதலீட்டாளருக்கு விற்கும். இரண்டு ஆண்டுக்குப் பிறகும் பாக்கி தீராவிட்டால், அந்த முதலீட்டாளர் விண்ணப்பித்து வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவரலாம். உரிமையாளரே குடியிருக்கும் ‘ஹோம்ஸ்டெட்’ வீடானால், வரிக்காகக் கணித்த வீட்டு மதிப்பில் பாதியும் ஆரம்ப விலையில் சேரும்.

கேள்வி: கையில் எவ்வளவு இருக்க வேண்டும்?

பதில்: முழுப் பணமும். கேட்ட தொகையில் 5 சதவீதம் அல்லது 200 டாலர், எது அதிகமோ அது டெபாசிட். மீதியை 24 மணி நேரத்துக்குள் கட்ட வேண்டும். ‘பேங்க் லோன் வரட்டும்’ என்று இழுத்தால் டெபாசிட் கோவிந்தா. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் தனி.

கேள்வி: நான் பணம் கட்டுமுன் பழைய உரிமையாளர் பாக்கியைத் தீர்த்துவிட்டால்?

பதில்: வீடு அவருக்கு, டெபாசிட் உங்களுக்கு. உங்கள் முழுத் தொகையும் கிளார்க் அலுவலகத்தில் சேரும்வரை அவருக்கு அந்த உரிமை உண்டு.

கேள்வி: பழைய அடமானம் என் தலையில் விழுமா?

பதில்: வங்கி அடமானம் பொதுவாக ஒழிந்துவிடும். நகராட்சியும் கவுண்ட்டியும் பதிந்த கடன்கள் ஒழியாது. புல் வெட்டாத வீட்டுக்கு நாள்கணக்கில் ஏறிய அபராதமும் அதில் இருக்கலாம். மத்திய வருமான வரித் துறையின் பிடி இருந்தால், ஏலத்துக்குப் பிறகும் 120 நாள்வரை அது வீட்டை மீட்கலாம்.

கேள்வி: உள்ளே ஆள் குடியிருந்தால்?

பதில்: சாவி தரமாட்டார்கள், பத்திரம்தான் தருவார்கள். காலி செய்ய வைப்பது உங்கள் பாடு, உங்கள் வக்கீல் செலவு.

கேள்வி: வாங்கிய வேகத்தில் விற்றுவிடலாமா?

பதில்: டைட்டில் இன்சூரன்ஸ் கம்பெனிகள் தயங்கும். அது இல்லாமல், கடனில் வாங்குபவர் வரமாட்டார். அதற்குத்தான், வீடு உங்களுடையதுதான் என்று நீதிமன்றத்தில் உறுதி செய்துகொள்ளும் ‘குவயட் டைட்டில்’ வழக்கு. எதிர்ப்பே இல்லாவிட்டாலும் சில மாதங்களும் சில ஆயிரம் டாலரும் போகும்.

கேள்வி: பத்திரம் கைக்கு வந்தபின் ஏலம் செல்லாமல் போகுமா?

பதில்: போகும். உரிமையாளருக்கு அனுப்பிய நோட்டீஸ் திரும்பி வந்தால், முடிந்தவரை வேறு வழியிலும் தெரிவிக்க வேண்டும் என்று 2006-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நோட்டீஸ் கோப்பைப் படிக்காமல் ஏலம் கேட்காதீர்கள்.

கேள்வி: 15,000 டாலர் பாக்கிக்கு 40,000 டாலர் வீட்டை விற்று, மிச்சத்தை அரசே வைத்துக்கொள்ளலாமா?

பதில்: மினசோட்டாவின் ஹென்னபின் கவுண்ட்டி அப்படித்தான் செய்தது. 2023-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தவறு என்றது.

கேள்வி: சென்னையிலிருந்தே முதலீடு செய்யலாமா?

பதில்: ரிசர்வ் வங்கி விதிப்படி நிதியாண்டுக்கு 2,50,000 டாலர்வரை அனுப்பலாம். முதல் செலவு அந்த ஊர் வக்கீலுக்கு இருக்கட்டும். அவர் வில்லங்கம் பார்த்துச் சொன்ன பிறகும் வழக்குக்குத் தனிப் பணம் இல்லையென்றால், இந்த ஏலம் உங்களுக்கு வேண்டாம்.