இடுகாட்டுக்கு ஒரு டூர்

கேள்வி: பாரிஸ் போகும் என் மருமகன், டூர் லிஸ்ட்டில் ஒரு சுடுகாட்டையும் சேர்த்திருக்கிறார். ஃபிளைட் ஏறிப் போய்ப் பார்க்க வேறு இடமே கிடைக்கவில்லையா?

பதில்: சுடுகாடு அல்ல, இடுகாடு. பெயர் பெர் லாஷேஸ். 1804-இல் திறந்தபோது, ஊருக்கு வெளியே கிடக்கிறதென்று பாரிஸ்காரர்கள் அங்கே போகவே மறுத்தார்கள் (இறந்த பிறகும்கூட!). விற்காத பிளாட்டுக்கு நடிகையைக் கூப்பிட்டு ரிப்பன் வெட்டுகிறோமே, அதே உத்திதான். 1817-இல், நாடக மேதை மோலியேரின் எலும்புகள் என்று நம்பப்பட்டவற்றைக் கொண்டுவந்து புதைத்தார்கள். கூடவே 12-ஆம் நூற்றாண்டுக் காதலர்கள் அபெலார், எலோயீஸ். அப்புறம் இடத்துக்கு அடிபிடி!

இசைமேதை ஷோப்பான் இங்கே முக்கால்வாசிதான் இருக்கிறார். இதயத்தை அவருடைய அக்கா ஜாடியில் போட்டு வார்சாவுக்கு எடுத்துப்போய்விட்டார்.

எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டு கதை தனி. 1900-இல் கடனாளியாகச் செத்தவரை முதலில் வேறொரு இடுகாட்டில் புதைத்து, 1909-இல்தான் இங்கே மாற்றினார்கள். ரசிகைகள் லிப்ஸ்டிக் உதட்டோடு முத்தமிட்டு முத்தமிட்டு, அந்த எண்ணெய்ப் பிசுக்கில் கல்லே அரித்துப்போகத் தொடங்கியது. 2011-இல் சுற்றிலும் கண்ணாடித் தடுப்பு வைத்தார்கள். இப்போது கண்ணாடிக்கு முத்தம். துடைக்கவாவது முடிகிறது.

அனுமதி இலவசம். ஆனால் நூறு ஏக்கருக்கு மேல், மேடும் பள்ளமும் கல் பாவிய பாதையும். மருமகனுக்கு நல்ல ஷூ வாங்கிக் கொடுங்கள்.