ப்ளேம் போட்டுப் பார்த்தேன்

எங்கள் கல்லூரியில் கட்டற்ற மென்பொருள் உருவாக்கத்தை விருப்பப் பாடமாகக் கொண்டுவந்தார்கள். "யார் எடுக்கறீங்க?" என்று கேட்ட நேரம் பார்த்து எனக்கு மூக்கு அரித்தது. கையைத் தூக்கினேன். பாடம் என் தலையில் விழுந்தது.

முதல் வகுப்பிலேயே வீராவேசமாகப் பேசினேன். "எழுதினதை ஊரறியப் போடுங்க. யாராவது குத்தம் கண்டுபிடிச்சா கும்பிட்டு ஏத்துக்கோங்க. ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்துல படிச்சிட்டிருந்த 21 வயசுப் பையன் லினஸ் டோர்வால்ட்ஸ், 1991-ல லினக்ஸை அப்படித்தான் ஊர் முன்னால வெச்சார்!" சொன்ன சூட்டோடு என் பாடக்குறிப்புகளையும் நிரல்களைப் பொதுவில் பகிரும் கிட்ஹப் தளத்தில் ஏற்றினேன். சனி அங்கேதான் பிடித்தது.

மறுவாரம் கடைசி பெஞ்ச் மாணவி ஒருத்தியிடமிருந்து ஒரு புல் ரிக்வெஸ்ட், அதாவது 'இப்படித் திருத்தலாமா?' என்ற விண்ணப்பம். 'நிரல் மாற்றங்களைக் கணக்கு வைக்கும் கிட் மென்பொருளை லினஸ் 1991-இல் உருவாக்கினார்' என்ற என் வரியில் ஆண்டை அடித்து, 2005 என்று போட்டிருந்தாள். கீழே விளக்கம் வேறு: 'லினக்ஸ் குழுவினர் அதே வேலைக்குப் பயன்படுத்திவந்த பிட்கீப்பர் மென்பொருளின் இலவச உரிமம் 2005-இல் நின்றுபோனது. அதனால்தான் லினஸ் கிட்டை எழுத உட்கார்ந்தார், சார்.' அந்த 'சார்'தான் சுருக்கென்றது.

கிட்டில் 'ப்ளேம்' என்றொரு கட்டளை உண்டு. எந்த வரியை யார், எந்த நாள், எத்தனை மணிக்கு எழுதினார் என்று காட்டிக்கொடுத்துவிடும். வேறு யாராவது கைவைத்திருக்கக் கூடாதா என்ற நப்பாசையில் போட்டுப் பார்த்தேன். வரிக்கு வரி என் பெயர். நேரம், இரவு 11.52.

'மெர்ஜ்' என்ற ஒரு பொத்தானை அமுக்கினால் அவள் திருத்தம் சேர்ந்துவிடும், தீர்ந்தது. மூன்று நாள் அமுக்கவில்லை. சாம்பாரில் உப்பில்லை என்றுகூடச் சொல்லாமல் சாப்பிட்டேன். அதில் பயந்துபோய் மனைவி விசாரித்தாள். சொன்னேன்.

"தப்புதானே? திருத்திட்டுப் போங்களேன். ஊருக்கெல்லாம் இதைத்தானே பாடம் எடுக்கறீங்க?"

மெர்ஜ் செய்தேன். திட்ட வரலாற்றில் என் பெயரோடு அந்த மாணவியின் பெயரும் ஏறியது. பெருந்தன்மையாக 'நன்றி' என்று எழுதினேன். உடனே பதில் வந்தது: 'சார், இரண்டாம் பாடத்தில் இன்னும் நாலு இருக்கு.'

அன்று சாயங்காலம் மாடித் தொட்டி வழிந்து, பக்கத்து வீட்டு வடாம் முழுக்கக் கூழாகிவிட்டது. "மோட்டாரைப் போட்டுட்டு மறந்தது யாரு?" என்று மனைவி கூடத்துக்கு வந்தாள். வழக்கப்படி இந்த இடத்தில் நான் மகனைப் பார்ப்பேன். மகன் மின்விசிறியைப் பார்ப்பான். அன்று என்னவோ, பாடம் எடுத்த தோஷம், "நான்தான்" என்று சொல்லிவிட்டேன்.

"தெரியும்," என்றாள். "இருபது வருஷமா நீங்கதான். நீங்களா சொல்றீங்களான்னு பார்த்தேன்."

மகன் மின்விசிறியிலிருந்து கண்ணை இறக்கி, முதல் தடவையாக என்னை மரியாதையாகப் பார்த்தான்.