பதினெட்டு மீட்டர் பராக்கிரமசாலி

கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி பைபாஸ் வரை மெட்ரோவுக்குப் போட்ட வழித்தடம் சுமார் 26 கிலோமீட்டர். சென்னீர்குப்பத்துக்காரருக்குக் கடல் கிட்டத்தட்ட அவ்வளவு தூரம். அதனால் கடலைப் பற்றி யார் என்ன அளந்தாலும் இங்கே எடுபடும். இந்த வசதியை முழுசாக அனுபவிப்பவர்தான் 'ஸ்கூபா தம்பி'.

ஆளைக் கண்டுபிடிப்பது சுலபம். கைக்கடிகாரம் இருக்க வேண்டிய இடத்தில் டைவ் கம்ப்யூட்டர் இருக்கும். ரேஷன் கடை வரிசையிலும் கழற்ற மாட்டார், கல்யாணப் பந்தியிலும் கழற்ற மாட்டார். டீக்கடை பெஞ்சில் அவர் "பாண்டியில முப்பது மீட்டர் போனேன்ணே" என்பார். கேட்பவர்கள் "யப்பா, பத்து மாடி!" என்று வாய் பிளப்பார்கள்.

அவர் சொல்வது பொய்யல்ல. அட்வான்ஸ்டு கார்டு வைத்திருக்கிறார். அதற்கு 30 மீட்டர் வரை அனுமதி உண்டு. ஆனால் கணக்கைப் பாருங்கள். பாடி (PADI; அம்பத்தூர் பக்கத்துப் பாடி என்று நினைத்துவிடாதீர்கள், உலகமெங்கும் கார்டு கொடுக்கும் பயிற்சி நிறுவனம்) முறையில் ஓப்பன் வாட்டர் கார்டுக்குக் கடலில் நாலு முறை இறங்கினால் போதும், 18 மீட்டர் வரை போகலாம். அட்வான்ஸ்டு வேண்டுமா? இன்னும் ஐந்து முறை. ஆக ஒன்பது முங்கில் ஆள் 'அட்வான்ஸ்டு'. எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கியவர் மறுநாளே கொல்லிமலை வளைவுகளில் வண்டி ஓட்டிய கதைதான்.

மீன் கதை தனி. தண்ணீருக்கடியில் முகமூடிக் கண்ணாடி வழியே பார்த்தால் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். அது ஒளி செய்யும் வேலை. கரைக்கு வந்த பிறகும் மீன் வாராவாரம் வளர்கிறதே, அது தம்பி செய்யும் வேலை. பாண்டியில் முழ நீளம் இருந்த மீன், திருமழிசை தாண்டும்போது ஆள் உயரம் ஆகிவிடும்.

வாட்ஸ்அப் முகப்பில் கடலுக்கடியில் எடுத்த போட்டோ. கட்டை விரலை உயர்த்திச் சிரிக்கிறார். டைவிங் சைகையில் கட்டை விரலை உயர்த்தினால் 'மேலே போகலாம்' என்று பொருள். 'எல்லாம் நலம்' என்று சொல்ல விரலை வட்டமாக மடக்க வேண்டும். விவரம் தெரிந்த கூட்டாளி பக்கத்தில் இருந்திருந்தால் தம்பியை அப்போதே மேலே கூட்டி வந்திருப்பார்.

போன கோடையில் ஒரு நாள் எதிர்வீட்டுக் கிணற்றில் வாளி விழுந்துவிட்டது. அந்த வீட்டு ஆயா நேரே தம்பியிடம் போனார். "கண்ணு, நீ கடலுக்குள்ளியே போயி வர்றியாமே, இந்த வாளிய எடுத்துக் குடேன்."

"ஆயா, அப்டியெல்லாம் தனியா எறங்கக் கூடாது. கூட ஒரு பட்டி வேணும்."

"பட்டியா? ஆட்டுப்பட்டியா?"

பட்டி என்றால் கூட இறங்கும் கூட்டாளி என்று தொடங்கி, தம்பி ஜோடி டைவிங் விதிகளை விளக்க ஆரம்பித்தார். மேலேறும்போது ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும் என்பதுவரை வந்தார். அதற்குள் ஆயா பக்கத்து வீட்டில் பாதாளக் கரண்டி வாங்கி வந்து, கயிற்றில் கட்டி இறக்கி, இரண்டு துழாவு துழாவி வாளியை மேலே தூக்கிவிட்டார். தம்பி சொன்ன விதி நூற்றுக்கு நூறு சரி. ஆயாவுக்கு வேண்டியது வாளி.

அப்படியானால் கெட்டிக்கார டைவரை எப்படி அடையாளம் காண்பது? அவர் தண்ணீருக்குள் ஒன்றுமே செய்ய மாட்டார். கைகளைக் கட்டிக்கொண்டு, படுத்த வாக்கில் அசையாமல் மிதப்பார். இடுப்பில் ஈயக்கட்டி குறைவாக இருக்கும். துடுப்புக் காலால் மணலைக் கிளப்ப மாட்டார், பவளத்தில் முட்டி போட மாட்டார். மூச்சை நிதானமாக இழுப்பார். பத்து மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல் இரண்டு மடங்கு, முப்பதில் நான்கு மடங்கு. ஒவ்வொரு மூச்சும் அதே கணக்கில் சிலிண்டரைக் காலி செய்யும். நம் தம்பியோ கையால் துழாவி, காலால் உதைத்து, பதற்றத்தில் மூச்சு வாங்கி, 200 பார் அழுத்தத்தில் தொடங்கிய சிலிண்டரை மற்றவர்களுக்குப் பாதி மிச்சமிருக்கும்போதே 50-க்குக் கொண்டுவந்துவிடுவார். அவரால் மொத்தக் கூட்டமும் கரையேறும்.

தூத்துக்குடியில் முத்துக் குளித்தவர்கள் எந்தக் கார்டும் வைத்திருக்கவில்லை. காலடியில் கல்லைக் கட்டிய கயிறு, நெஞ்சில் ஒரே மூச்சு, அவ்வளவுதான். அங்கே கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது. அன்றைக்கு ஆளை எடைபோட்டது அவர் வாய்ப்பேச்சை வைத்தல்ல; மேலே வந்த பையில் எத்தனை சிப்பி என்பதை வைத்து.

எனவே ஸ்கூபா தம்பியை நம்பி அந்தமானுக்கு டிக்கெட் போடும் முன் மூன்றே கேள்வி கேளுங்கள். கடைசியாக எப்போது இறங்கினீர்கள்? இடுப்பில் எத்தனை கிலோ கட்டினீர்கள்? மேலே வரும்போது எத்தனை பார் மிச்சம்? மூன்றுக்கும் தயங்காமல் எண்ணில் பதில் வந்தால் தாராளமாகக் கூடப் போங்கள். "அதை விடுண்ணே, ஒரு மீன் பார்த்தேன் பாரு..." என்று ஆரம்பித்தால், டீக்குக் காசைக் கொடுத்துவிட்டு வீடு போய்ச் சேருங்கள்.